பொரி மிதக்கும் குளம்

குளத்தில் மீன் விட்டதைக் கார்மேகம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அங்கே ஆளும் இல்லை.

அமீரகத்தில் ராஸ் அல் கைமா மலைக்குள், தார் ரோடு முடிந்து, கூழாங்கல் பாதையில் அரை மணி நேரம் போனால் அந்தப் பேரீச்சந்தோட்டம். அறுபது மரம். ஒரு பம்ப் ரூம். அதை ஒட்டி அவருடைய அறை. தோட்டத்துக்கு மேலே வாடி. மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஆறு அது. அதன் நடுவில் பாறை குழிந்த இடத்தில் குளம். இரண்டு லாரி நீளம் இருக்கும். ஆழமான இடத்தில் மார்பளவு தண்ணீர். பாறை இடுக்கிலிருந்து ஊற்று கசிந்துகொண்டே இருக்கும். கோடையிலும் வற்றியதில்லை.

தோட்டத்து முதலாளியை அர்பாப் என்பார்கள். மாதம் ஒருமுறை வருவார். மரங்களைப் பார்ப்பார், டீ குடிப்பார், போவார்.

கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கம். வயது ஐம்பத்து மூன்று. இந்த மலைக்கு வந்து ஒன்பது வருஷம். அதற்கு முன்னாலும் வளைகுடாவில்தான்.

போன வருஷம் ஏப்ரலில் அந்த மழை பெய்தது. விமானங்கள் தண்ணீரில் நிற்கிற படத்தை எல்லாரும் போனில் பார்த்தார்கள். வாடி நாலு நாள் ஓடியது. பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் நாள் மகள் நாகஜோதி கூப்பிட்டாள். நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் அம்மா மண்வெட்டியைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டது, எழுந்திருக்கவில்லை என்றாள்.

மனைவி ராக்கம்மாவை எரித்ததை அவர் போனில் பார்த்தார். தம்பி மகன் குடத்தைச் சுமந்து மூன்றாவது சுற்று வரும்போது படம் நின்றது. டவர் போய்விட்டது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு பம்ப் ரூம் வாசலில் நின்றார். மழை விட்டிருந்தது. சாயங்கால வெளிச்சம் மலை முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. அப்போது குளத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ஒன்று. அதன் மேல் இன்னொன்று. இழுத்து இழுத்து, ஒருத்தி மூச்சு வாங்குகிற இடத்தில் அடுத்தவள் எடுக்கிற மாதிரி. இருபது முப்பது தேரைகள் இருக்கும். அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். ஒப்பாரிக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்தார். அதற்கப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது.

மே மாதம் கோசலா வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். ஷார்ஜாவின் முவைலாவில் குடியிருக்கிறாள். அங்கேயே ஏதோ ஓர் ஆபீஸ். பெரிய வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, முழங்கால் வரை பூட்ஸ் போட்டு, வலையோடு குளத்தில் இறங்கினாள். அவள் தனக்குத்தானே பேசிய தமிழ் காதில் விழுந்ததும் கார்மேகம் பாறைக்குக் கிட்டே போனார்.

"என்னத்தத் தேடுறீங்க மேடம்?"

"தேரை எண்ணுறன் அண்ணை."

"தேரை எண்ணவா ஆபீஸ் வச்சிருக்காங்க?"

"ஓம். அதுக்குச் சம்பளமும் தருகினம்." வலையைத் தூக்கிக் காட்டினாள். கறுப்பு மணிகளாகத் தலைப்பிரட்டைகள் துள்ளின. "இந்த வாடியில இருந்த மூண்டு குளத்திலயும் முந்தித் தேரை நிண்டது. இப்ப உங்கட குளத்தில மட்டும்தான் நிக்குது. மேடம் எண்டு சொல்லாதேங்கோ. எனக்கு வயசு போன மாதிரிக் கிடக்கு."

"அப்ப தாயின்னு கூப்பிடுறேன்."

"அது அதை விட வயசு."

இருந்தும் அதுவே நிலைத்துவிட்டது.

சத்தத்தைப் பதிய ஒரு பெட்டியைப் பாறையில் கட்டிவிட்டுப் போனாள். வெயிலில் அதன் பேட்டரி செத்துச் செத்துப் போனது. அடுத்த முறை வந்தபோது ஒரு யோசனை சொன்னாள். சாயங்காலம் தேரை கத்தினால் கார்மேகம் ஒரு பேரீச்சங்கொட்டையைத் தண்ணீர் பாட்டிலில் போடவேண்டும். மாதம் ஒரு பாட்டில். கத்தாத நாள் போடக் கூடாது.

"பொய்க் கொட்டை போட்டுராதேங்கோ."

"கொட்டையில என்ன தாயி பொய்யி."

முதல் பாட்டிலில் இருபத்தேழு கொட்டைகள் விழுந்தன.

ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம் நாகஜோதி போன் செய்தாள். தேவிபட்டினத்தில் திதி கொடுக்கிறவர்களிடம் கேட்டாளாம். கொள்ளி நேரத்தில் புருஷன் பக்கத்தில் இல்லாததால் அந்த ஆத்மா தவிக்கும், அங்கேயே ஏதாவது தண்ணீரில் அவள் பேரைச் சொல்லி மீனுக்குப் பொரி போடச் சொல்லுங்கள் என்றார்களாம்.

"தண்ணி இருக்குல்லப்பா அங்க?"

"இருக்கு."

"அப்ப போடு. தினமும் போட்டாலும் நல்லதுதான்."

கார்மேகம் குளத்தருகே போய்ப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. தட்டான்கள் இருந்தன. தேரைகள் இருந்தன. மீன் இல்லை. மீன் இல்லாத தண்ணீரில் பொரி போட்டால் வாங்கிக்கொள்வது யார்?

பக்கத்துத் தோட்டம் நடக்கிற தூரம்தான். அங்கே சாகிர் இருந்தான். பெஷாவர்க்காரன். பாசனத்துக்கான சிமென்ட் தொட்டியில் ஜிலேபி மீன் வளர்த்துவந்தான். கார்மேகம் தனக்குத் தெரிந்த இந்தியில் மீன் கேட்டார்.

"சமைக்கவா பாய்?"

"இல்ல. சும்மா பார்க்க."

"மீன்ல பார்க்க என்ன இருக்கு? அது டிவியா?" என்றான் சாகிர். ஆனாலும் ஏழு மீனைப் பெயின்ட் வாளியில் போட்டுக் கொடுத்தான். ஒன்றின் வால் நுனியில் ஒரு வெட்டு இருந்தது.

அமாவாசையன்று காலை அவற்றைக் குளத்தில் விட்டார். வாளியைச் சாய்த்ததும் ஆறு ஆழத்துக்கு ஓடின. வெட்டுவால் மட்டும் அவர் காலடியில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு போனது.

பொரிக்கு அவர் கோசலாவைத்தான் கேட்டார். துபாய் கராமாவில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் ஒரு பை வாங்கிவந்தாள். தின்பதற்கு என்று நினைத்தாள். அவரும் அதை மறுக்கவில்லை.

பத்தே நாளில் வெட்டுவால் கைக்கு வந்தது. காலை ஆறு மணிக்கு அவர் பாறையில் உட்கார்ந்தால் தண்ணீருக்கடியில் ஒரு சாம்பல் நிழல் மேலே வரும். உள்ளங்கையிலிருந்து பொரியை எடுக்கும். எடுக்கும்போது வாய் தோலில் படும். ஈரமாக, பல் இல்லாத குழந்தை கடிப்பது போல இருக்கும். அவருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிடும். மலை, மரம், பம்ப் எல்லாம் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்க, அந்த மலைக்குள்ளிருந்து மீன் வந்து வந்து போகும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அதில் கூட இருந்தது, எல்லா லீவையும் சேர்த்தால், ஆறு வருஷம் வராது. இப்போது தினமும் பார்க்கிறார்.

"என்ன ராக்கு, சாப்ட்டியா" என்பார்.

புரட்டாசியில் குஞ்சுகள் தெரிந்தன. தண்ணீரின் ஓரத்தில் புகைபோல ஒரு கூட்டம். வெட்டுவால் அவற்றை ஓட்டிக்கொண்டு திரிந்தது. கார்மேகம் பொரியை நொறுக்கித் தூவினார். வம்சம் பெருகுகிறது என்று நாகஜோதியிடம் சொன்னார்.

பாட்டில்கள் வேறு சொல்லின. செப்டம்பரில் பத்தொன்பது கொட்டை. நவம்பரில் ஆறு. குளிர் என்று நினைத்தார். ஜனவரி பாட்டில் காலி. மூடியைத் திறக்கவே இல்லை.

பிப்ரவரியில் கோசலா அந்தக் காலி பாட்டிலை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். பிறகு வலையோடு குளத்தின் ஓரம் முழுக்க நடந்தாள். உச்சி வெயில். அந்நிய நிழல் விழுந்தால் மீன்கள் பாறைக்கடியில் போய்விடும் என்று கார்மேகத்துக்குத் தெரியும். வலையில் பாசிதான் வந்தது.

"தேரைக் குஞ்சு ஒண்டும் இல்லை." அவள் பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினாள். "கீழ ரெண்டு குளமும் இப்பிடித்தான் போச்சுது. ஆரோ மீன் கொண்டுவந்து விட்டவை. தேரை முட்டையைச் சரம் சரமா இடும் அண்ணை. மீன் அதை அப்பிடியே மேஞ்சு போடும். தப்பிப் பொரிச்ச குஞ்சையும் விடாது."

"ஏன் விட்டாகளாம்?"

"நுளம்பு, உங்கட கொசு, போகும் எண்டு விட்டிருப்பினம். நல்ல மனசோடதான்." நெற்றியைத் துடைத்தாள். "கிழட்டுத் தேரை பாறைக்குள்ள இன்னும் கொஞ்சம் இருக்கும். இந்த முறையும் முட்டை தப்பாட்டில் அதுகளோட முடிஞ்சுது. இங்க மீன் நிக்குதோ அண்ணை?"

அவர் பம்ப் ரூமைப் பார்த்தார்.

"மலைக்குள்ள ஏது தாயி மீனு."

அவள் தலையாட்டினாள். அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பொரிப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

மூன்று நாள் அவர் பொரி போடப் போகவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் தூறல் விழுந்தது. ஒரே ஒரு தேரை கத்தியது. பதில் இல்லை. மறுபடி கத்தியது. வெகு நேரம் கழித்து, தண்ணீரின் அந்தக் கரையிலிருந்து சின்னதாக ஓர் அசைவு. அவர் பிப்ரவரி பாட்டிலில் ஒரு கொட்டை போட்டார். அது அடியில் விழுந்த சத்தம் கேட்டது.

விடிந்ததும் போனார். ஆழமில்லாத இடத்தில், பாசி மேல், முட்டைச் சரம் சுற்றிக் கிடந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் கறுப்பு மணி கோத்த மாதிரி. அழகாக இருந்தது. பாறையில் உட்கார்ந்தார். பழக்கத்தில் பொரிப் பையும் மடியில் இருந்தது.

சூரியன் மலையைத் தாண்டியதும் சாம்பல் நிழல் வந்தது. அவர் கையை நோக்கித்தான் வந்தது. வழியில் நின்றது. சரத்தின் ஒரு நுனியை வாயில் வாங்கியது. இழுத்தது. மாலையிலிருந்து நூலை உருவுவது போலச் சரம் நீண்டது. பின்னால் மற்றவை வந்தன. குஞ்சுகள் வந்தன. யாரும் அவசரப்படவில்லை. தண்ணீர் கலங்கவும் இல்லை. டீ குடிக்கிற நேரத்துக்குள் பாசி வெறும் பாசியாக இருந்தது.

வெட்டுவால் அதற்கப்புறம் அவரிடம் வந்தது. அவர் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டார். அது நின்று பார்த்தது. கடைசியில் அவர் ஒரு பிடி பொரியைப் போட்டார். அவள் பேரில் வந்ததைப் பட்டினி போட முடியவில்லை.

கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் கடவுள் படியளப்பான் என்று சொல்லிச் சொல்லித்தான் ராக்கம்மா அவரை ஒவ்வொரு லீவிலும் விமானம் ஏற்றிவிடுவாள். அந்தத் தேரைக்குத்தான் அவர் இதைச் செய்திருக்கிறார். அதுவும் அவள் பேரைச் சொல்லி.

மார்ச்சில் கோசலா சொல்லாமல் வந்தாள். வெயிலுக்கு முன்னால் முட்டை தேடலாம் என்று விடியற்காலையில் கிளம்பியிருந்தாள். வண்டியைக் கீழே விட்டு நடந்து வந்ததால் சத்தம் கேட்கவில்லை. கார்மேகம் திரும்பியபோது அவள் பாறைக்கு மேலே நின்றாள். தண்ணீரில் பொரி வெள்ளையாகப் பரவியிருந்தது. அதற்கடியில் குளம் கொதித்துக்கொண்டிருந்தது. நூறு மீனுக்குக் குறையாது.

அவள் இறங்கி வந்து மிதந்த பொரி ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"நான் வாங்கித் தந்த பொரியோ அது?"

"ஆமா தாயி."

"ஆறு மாசமா?"

"ஏழு."

கோசலாவுக்குச் சிரிப்பு வந்தது. நடுவில் அது வேறு ஏதோ ஆகிவிட்டது. பாறையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கார்மேகம் சொன்னார். மழை, போன், நின்றுபோன படம், தேரைகள் அழுதது, தேவிபட்டினம், பெயின்ட் வாளி. சொல்லும்போது வெட்டுவால் அவர் விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

"இதுதான் உங்கட மனுசியோ?"

"அவ இல்ல. அவ இல்லன்னு தெரியும்." வெட்டுவாலுக்கு ஒரு பொரியை நீட்டினார். "காலையில மட்டும் தெரியாது."

கோசலா தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள். "வலை போட்டுக் குஞ்செல்லாம் பிடிக்கேலாது. ஒண்டு மிஞ்சினாலும் திரும்பப் பெருகும். தண்ணியை முழுக்க இறைக்க வேணும். ஆபீசால கடிதம் எழுதினா மறுமொழி வர அடுத்த வருசம் ஆகும். அப்ப கிழடுகளும் இராது." பம்ப் ரூம் பக்கம் அவள் பார்வை போனது. திரும்பி வந்தது. "நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. உங்கட மனுசியின்ர பேரில விட்ட மீன். அதை நான் கொல்லச் சொல்லேலாது."

"சாகிர் தொட்டியில திருப்பி விட்டா?"

"விடலாம். ஆனா அவர் என்ன செய்வார்?"

இருவருக்கும் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை வறுப்பான்.

அவள் போன பிறகு கார்மேகம் மகளைக் கூப்பிட்டார். தேரை, முட்டைச் சரம், எல்லாவற்றையும் சொன்னார். நாகஜோதி பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். தேய்க்கிற சத்தம் நின்றது.

"என்ன மீனுப்பா அது? இத்தன நாளும் சொல்லவே இல்லையே."

"ஜிலேபி."

அவள் சிரிப்பது கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"ஏப்பா, அம்மாவுக்கு ஜிலேபிக் கொழம்புன்னா உசுருன்னு உனக்குத் தெரியாதா? கண்மா அழிச்சு மீன் புடிக்கயில மொத ஆளா சேத்துல எறங்கி நிக்கும். அதுக்குப் பிடிச்ச மீனுக்கு ஏழு மாசமாப் பொரி போட்டுப் பத்திரமா வளத்திருக்க. மேல இருந்து பாத்துக்கிட்டு வயிறெரிஞ்சிருக்கும்."

"பாவமில்லையா ஆத்தா? அவ பேரச் சொல்லி விட்டது."

"அது பேரச் சொல்லியே எடு. படச்சுரு. கண்மா மீன விக்கக் கூடாது, வித்தா மறு வருசம் தண்ணி வராதும்பாக. எல்லாருக்கும் பங்கு குடுத்துரு." பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீ ஒரு வேளையும் அம்மாவுக்குப் படைக்கலப்பா" என்றாள்.

அர்பாபிடம் போனில் கேட்டார். குளத்துத் தண்ணீரை மரத்துக்கு விடட்டுமா, ஊற்று திரும்ப நிரப்பிவிடும் என்றார். யல்லா, செய் என்றார் அர்பாப். அவருக்கு அது தோட்ட வேலை.

பம்ப் இரண்டு நாள் ஓடியது. ராட்சசக் குழந்தை பால் குடிக்கிற மாதிரி. அறுபது பேரீச்சை மரத்தின் அடியிலும் தண்ணீர் நின்றது. குளம் சுருங்கச் சுருங்கப் பாறைகள் வெளியே வந்தன. ஒன்பது வருஷத்தில் அவர் பார்க்காத பாறைகள். அவற்றின் இடுக்குகளில் ஈரம் மின்னியது.

மூன்றாம் நாள் காலை கோசலா வந்தாள். சாகிர் பிளாஸ்டிக் கூடைகளோடு வந்தான். கணுக்கால் அளவுச் சேற்றில் மூன்று பேரும் இறங்கினார்கள். சாகிர் உற்சாகத்தில் இரண்டு தடவை விழுந்தான். "கார்மேக் பாய், நீ சும்மா பார்க்க வாங்கின டிவி நல்லா வளர்ந்திருக்கு" என்றான். கோசலா குஞ்சுகளைச் சல்லடையால் அரித்தாள். ஒவ்வொரு குழியாக. கடைசியில் தேங்கியிருந்த குட்டையையும் அவள் வாளியில் மொண்டு மணலில் ஊற்றினாள்.

வெட்டுவால் ஆழக் குழியில் இருந்தது. கார்மேகம் மற்றவர்களை அங்கே வர வேண்டாம் என்றார். கையை நீட்டினார். அது வந்தது. பொரிக்கு வருகிற அதே மாதிரி வந்து விரலைத் தொட்டது. அவர் இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். கனமாக இருந்தது. வெயிலில் அதன் பக்கம் வெள்ளியாகத் தெரிந்தது.

"போதும் ராக்கு" என்றார்.

பாறையில் ஒரே அடி. அதை அவரே செய்தார்.

மத்தியானம் குழம்பு வைத்தார். புளி கரைத்து, மிளகாய் அரைத்து, சட்டியில். கோசலா எட்டிப் பார்த்து, "தேங்காய்ப்பால் விடேல்லையோ?" என்றாள்.

"எங்க ஊர்ல விட மாட்டோம் தாயி."

"பாவம் உங்கட ஊர்."

வாழையிலை இல்லை. எவர்சில்வர் தட்டில் சோறு வைத்து, வெட்டுவாலின் நடுத்துண்டை வைத்து, குழம்பு ஊற்றினார். குளத்தருகே பாறையில் வைத்துச் சூடம் ஏற்றினார். ராக்கம்மாவின் பெயரை ஒரு தரம் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. ஒரு பிடி சோற்றைப் பாறை மேல் தனியாக வைத்தார். ஊரில் என்றால் காக்கா வந்து எடுத்த பிறகுதான் சாப்பிடுவார்கள். இந்த மலையில் காக்கா இல்லை.

"எவ்வளவு நேரம் பாக்கிறது?" என்றாள் கோசலா.

"நீங்க சாப்பிடுங்க. எனக்கு அவசரமில்ல."

அவர்கள் சாப்பிட்டார்கள். சாகிர் மூன்று தடவை போட்டுக்கொண்டான். மிச்ச மீனைப் பாறை விளிம்பில் பங்கு பங்காகக் கூறு போட்டார்கள். சாகிர் தோட்டத்துக்கு ஒரு கூறு, தார் ரோட்டோரத் தொழிலாளர் கேம்பில் இருக்கிற பையன்களுக்கு ஐந்து, கராமா அக்காவுக்கு ஒன்று. கோசலா கிளம்பும்போது மார்ச் பாட்டிலைக் கையிலெடுத்துப் பார்த்தாள். காலியாக இருந்தது. அதைத் திரும்ப வைத்தாள்.

"இனித் தேரை நிக்குதோ இல்லையோ தெரியாது அண்ணை. நாங்க பிந்திப்போயும் இருக்கலாம்."

"தெரியும் தாயி."

வண்டிச் சத்தம் தேய்ந்தது. கார்மேகம் பாறைக்குத் திரும்பினார். இன்னும் சாப்பிடவில்லை. ஊற்று கசிந்துகொண்டிருந்தது. குழியின் அடியில் ஒரு தட்டளவுக்குத் தண்ணீர் சேர்ந்திருந்தது. அதில் வானம் மட்டும் இருந்தது. மீன் இல்லாத தண்ணீர் இவ்வளவு அசையாமல் இருக்கும் என்பதை அவர் மறந்திருந்தார். உட்கார்ந்தபடியே கண் சொருகியது. மலை தண்ணீருக்குள் இறங்கி, தண்ணீர் மலைக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

விழித்தபோது வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. சோற்றுப் பிடியை எறும்பு மொய்த்திருந்தது. ஒரு கறுப்புக் கோடு பருக்கைகளைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் போனது. அந்தக் கோடு ஓர் இடுக்கைக் கடக்கிற இடத்தில் ஏதோ இருந்தது. கல் என்று நினைத்தார். கல்லுக்குத் தொண்டை துடித்தது.

தேரை. கிழடு. முதுகெல்லாம் பருக்கள். அது எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கு வெளியே வந்து போனதைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. எறும்பு ஒன்று குறைந்தது. பிறகு இன்னொன்று.

கார்மேகம் அசையாமல் பார்த்தார். அது வயிறு நிரம்பச் சாப்பிட்டது. முடிந்ததும் இரண்டு முறை கண்ணை மூடித் திறந்து, பின்வாக்கில் நகர்ந்து, இடுக்குக்குள் போய்விட்டது. கத்தவில்லை.

அதனால் அவர் பாட்டிலில் கொட்டை போடவில்லை. தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார்.